வீட்டுக்கு ஒரு மூக்கு

அப்படியே உட்காருங்கள். மூக்கைத் தேய்க்காதீர்கள், கொஞ்ச நேரம் குறுகுறுவென்றுதான் இருக்கும். பதினைந்து நிமிடம். அதற்கு முன்னால் பார்க்கக் கூடாது, அரை மணிக்குப் பிறகு பார்த்தால் செல்லாது. பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், மணி பத்து ஐந்து.

தட்டில் இரண்டு பரிசோதனைக் கிட் இருக்கிறது. என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருப்பது என்னுடையது. தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் இருப்பது உங்களுடையது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் குழப்பம் வரக் கூடாது. எனக்கு எதற்கு என்று பார்க்கிறீர்களா? வீடு பார்க்க வருகிறவர் மூக்கில் மட்டும் குச்சியை விட்டுவிட்டு, குடியிருப்புச் சங்கச் செயலாளர் நான் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? விதி என்றால் எல்லோருக்கும்தான். தொண்டை கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது, அது வேறு விஷயம். முந்தாநாள் திருப்பதி போய்வந்தேன். பஸ்ஸில் ஏசி.

மறுபடியும் ஏதோ புது வகை வைரஸ் வந்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருக்கிறான், பார்த்தீர்களா? வரட்டும். நம்மிடம் கிட் இருக்கிறது. இது இரண்டாவது பெட்டி, போன வாரம் வந்தது. காலாவதித் தேதி பார்த்து, பெட்டி எண் பார்த்து, பதிவேட்டில் ஏற்றித்தான் பிரித்தேன். இந்தக் கிட்டைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. கோடு சொல்வதுதான் முடிவு. 'சி'க்கு நேரே மட்டும் கோடு வந்தால் நோய் இல்லை. 'டி'க்கு நேரேயும் வந்தால் உண்டு. உண்டு, இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது.

எதிர்வீடு ஏன் ஐந்து மாதமாகப் பூட்டிக்கிடக்கிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டீர்களாமே. அவனிடம் ஏன் கேட்கிறீர்கள்? நான் சொல்கிறேன். பதினைந்து நிமிடம் இருக்கிறதே.

என் பெயர் ஏகாம்பரம். குடிமைப் பொருள் வழங்கல் துறையில் முப்பத்து நான்கு வருஷம். தனி வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். ஒரு தடவை போலி ரேஷன் கார்டு ஒழிப்பு என்று வந்தது. ஒரே வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு போலி கார்டு கூட அகப்படவில்லை. பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், இதோ உங்கள் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறது. பக்கத்துத் தாலுகாவில் ஒருவன் முந்நூறு போலி பிடித்தான். அவனுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? 'இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்' என்று மெமோ. ஆய்வு என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்கே தெளிவாகிவிட்டது.

இந்த ஜனவரியில் என்ன நடந்தது என்றால், புது வகை வைரஸ், ஊரெல்லாம் இருமல். எங்கள் குடியிருப்பில் வருஷா வருஷம் கீழே கார் நிறுத்துமிடத்தில் பொங்கல் வைப்போம். எல்லோரும் சேர்ந்து ஒரே பானை. நிறுத்திவிடலாம் என்று நாலைந்து பேர் ஆரம்பித்தார்கள். நான் செயலாளரான முதல் வருஷம். என் வருஷத்தில் பொங்கல் நிற்பதா? அப்போதுதான் இந்தக் கிட் யோசனை வந்தது. எல்லோருக்கும் பரிசோதனை, நோய் இல்லை என்றால் சான்று, சான்று இருந்தால் பொங்கல். எல்லோரும் கைதட்டினார்கள்.

பெட்டி வந்தது. பிரித்தால் இருபத்தைந்து கிட். குடியிருப்பில் ஆட்கள் தொண்ணூற்று மூன்று பேர். வேறு யாராக இருந்தாலும் திகைத்துப்போயிருப்பார்கள். நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? வீடு எத்தனை? இருபத்து நான்கு. வாட்ச்மேன் குடும்பம் ஒன்று. ஆக இருபத்தைந்து. கச்சிதமாக இருக்கிறதா? வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு, கார்டுக்கு ஒரு கிட். கார்டில் குடும்பத் தலைவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருடைய மூக்கு. வீட்டுக்குச் சர்க்கரை வாங்கத் தலைவர் ஒருவர் வந்தால் போதும் என்கிறபோது, வீட்டுக்கு நோய் இல்லை என்று காட்டத் தலைவர் மூக்கு போதாதா? இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் தலைவர் பெங்களூரில் இருந்தார். அவரிடம் வாட்ஸ்அப்பில் அதிகாரக் கடிதம் வாங்கி, அவர் மனைவி மூக்கில் எடுத்தேன். எதையும் சும்மா விடவில்லை.

முதல் கிட் எனக்குத்தான். அதற்கு இரண்டு நாள் முன்னால் கும்பகோணத்தில் என் சகலை மகன் கல்யாணம். அறுநூறு பேர், மாஸ்க் போட்டவர்கள் போட்டோக்காரர்கள் மட்டும். வந்ததிலிருந்து தொண்டையில் ஒரு கரகரப்பு. கல்யாணத்தில் ஐஸ்கிரீம் வைத்தார்கள், அதனால்தான். என் மனைவி லோகநாயகிகூட, "வீடு வீடா ஏறி இறங்குறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துக்கங்களேன்" என்றாள். பார்த்தேன். ஒரே கோடு. சான்று எண் ஒன்று, நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, சங்க முத்திரை வைத்து, இந்தக் கதவில் ஒட்டினேன்.

பிறகு இரண்டு நாள் வீடு வீடாகப் போனேன். சும்மா கதவில் நின்று குத்திவிட்டு வருகிற வேலை இல்லை. உள்ளே போய் உட்கார்ந்து, பதினைந்து நிமிடம் பேச்சுக் கொடுத்து, காப்பி கொடுத்தால் குடித்து, கோடு பார்த்து, சான்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் அடுத்த வீடு. மாஸ்க் இருந்தது, ஏன் இல்லாமல்? தாடையில் இருந்தது. மேலே ஏற்றினால் கண்ணாடியில் ஆவி படிகிறது, கோடு தெரிவதில்லை. கோடு தெரியாமல் சான்று கொடுத்தால் அது மோசடி.

எதிர்வீட்டுக்கு வருகிறேன். ஜெபமலர் என்று ஒரு பெண், ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீசியன். அவளும் அவள் அப்பா ஞானதுரையும் மட்டும்தான். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், எழுபத்து மூன்று வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அந்தப் பெண் வேலைக்குப் போய்க்கொண்டே அவரை வாரம் மூன்று தடவை வேனில் ஏற்றிக் கூட்டிப்போய்க் கூட்டிவரும். நல்ல பெண்தான். நான் ஒன்றும் தப்பாகச் சொல்லமாட்டேன்.

நான் போனது புதன்கிழமை. பெண் டியூட்டிக்குப் போயிருந்தது. கிழவர்தான் கதவைத் திறந்தார்.

"வாங்க சார், செக்கிங்கா?" என்றார்.

"மூக்கு மட்டுந்தான்" என்றேன்.

"மலருக்கு?"

"கார்டுல தலைவர் நீங்கதானே. உங்களுக்கு இல்லைன்னா வீட்டுக்கே இல்லை."

ரொம்ப நேரம் சிரித்தார். "முப்பத்தாறு வருஷம் கண்டக்டரா இருந்தேன் சார். ஒத்த டிக்கெட்ல ஒரு குடும்பத்தையே ஏத்தியிருந்தா அன்னைக்கே என் பையைப் பிடுங்கியிருப்பான். நீங்க தாசில்தாரு, ஏத்தலாம்" என்றார்.

விளையாட்டாகப் பேசுகிற மனிதர். உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். வீட்டில் அடைந்துகிடக்கிறவர், யாராவது வந்தால் விடமாட்டார். முக்கால் மணி நேரம் இருக்கும். எனக்கு வறட்டு இருமல் வந்தது, அவரே எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அவருக்கும் ஒரே கோடு. சான்று ஒட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஜெபமலர் வந்து இந்தக் கதவைத் தட்டியது. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றது.

"சார், முதல்ல மாஸ்க்கை மேல ஏத்துங்க."

ஏற்றினேன்.

"நான் இல்லாதப்ப அப்பாகிட்ட எதுக்கு வந்தீங்க? அவரு உடம்பு தாங்காது, உங்களுக்குத் தெரியும்ல."

"எனக்கு ஒரு கோடுதான்மா. சான்று கதவுலயே இருக்கு, பாரு."

"ஒரு கோடுன்னா நோய் இல்லைன்னு அர்த்தமில்ல சார். இந்த நேரத்துல, இந்த மூக்குல, இந்தக் கிட்டுக்கு அகப்படலைன்னு அர்த்தம். மொத ரெண்டு நாள் இது நெறைய பேருக்குத் தப்பிச்சிரும். அதுலயும் இந்தப் புது வகை நெறைய பேருக்கு முதல்ல தொண்டையிலதான் பிடிக்குது. உங்களுக்குத் தொண்டைதானே கரகரங்குது? ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எடுங்க. இல்ல, நாளைக்கு எங்க லேபுக்கு வாங்க, நானே எடுத்துப் பாக்கிறேன். அதுவரைக்கும் எந்த வீட்டுக்கும் போகாதீங்க சார்."

நான் பொறுமையாகச் சொன்னேன்: "ஒரு தடவை கொடுத்த ஆளுக்கே மறுபடியும் கொடுத்தா அதுக்குப் பேரு டூப்ளிகேட்மா. அப்ப ரெண்டு கோடு வந்தாலும் இதையேதான் சொல்லுவியா?"

"ரெண்டு கோடு வந்தா நம்பலாம் சார். அது லேசுல பொய் சொல்லாது."

அந்தப் பெண் பேசியதில் சரியான பேச்சு அது ஒன்றுதான். இரண்டு கோடு பொய் சொல்லாது. நான் குறித்துவைத்துக்கொண்டேன். இன்றைக்கு உங்களுக்கும் அந்த விதிதான்.

மிச்சம் பதினோரு வீடு இருந்தது. மறுநாள் போகி, அதையும் முடித்தேன்.

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. ஒரு வீட்டிலும் இல்லை. ஊரில் நாலில் ஒருவர் படுத்துக்கிடக்கிறார், என் குடியிருப்பில் சுழியம். இப்படி ஒரு முடிவு எங்கேயாவது வருமா? பொங்கலன்று நான் மைக்கைப் பிடித்து, "இந்த வளாகத்தில் நோய் இல்லை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரியுங்கள், போட்டோ எடுக்க வேண்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். போட்டோ இதோ இருக்கிறது, பாருங்கள். நடுவில் நான். எதிர்வீட்டுக்காரர்கள் மட்டும் இல்லை. சான்று இருந்தும் வரவில்லை.

இருங்கள்... இந்த இருமல் வந்தால் நிற்காது. அந்தத் தண்ணீரைக் கொடுங்கள். நீங்கள் குடிக்கவில்லையே? சரி. ஆங், இப்போது தேவலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸ்அப் குழுவில் ஜெபமலர் எழுதுகிறது: 'எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் லேப் பரிசோதனையில் பாசிட்டிவ். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சல். பொங்கலுக்கு வந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஜாக்கிரதையாக இருங்கள்.'

எவ்வளவு துணிச்சல் பாருங்கள். நான் ஒட்டிய சான்று கதவில் இருக்கிறது, அதற்கு உள்ளே இருந்துகொண்டே இப்படி எழுதுகிறது.

அந்த நேரத்தில் குடியிருப்பில் கொஞ்சம் இருமல் இருந்தது, மறைக்கவில்லை. பொங்கலுக்கு மூட்டம் போட்ட புகை. எனக்கே ஐந்து நாள் காய்ச்சல், அது மார்கழிப் பனியின் மிச்சம். லோகநாயகிக்குச் சாம்பாரில் பெருங்காய வாசனையே தெரியவில்லை. நான் பெருங்காய டப்பாவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கலப்படம் என்றால் எனக்குத் தெரியாதா? கடைக்காரன் மூன்று டப்பா மாற்றிக் கொடுத்தான். மூன்றும் கலப்படம்.

திங்கட்கிழமை அவசரக் கூட்டம். எட்டுப் பேர் வந்தார்கள். இருமலுக்கு நடுவே பேச வேண்டியிருந்தது. நோய் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. நான் கோப்பை எடுத்து வைத்தேன். இருபத்து நான்கு வீட்டில் நோய் இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. ஒரே ஒரு வீடுதான் தன் வாயாலேயே உண்டு என்று எழுதிக்கொடுத்திருக்கிறது. அப்புறம் என்ன விசாரணை வேண்டியிருக்கிறது? லேபில் வேலை பார்க்கிற பெண், தினமும் நூறு பேர் சளியைத் தொடுகிறது. அங்கிருந்துதான் வந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

தீர்மானத்தை அப்படியே படித்துக் காட்டுகிறேன். கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன், கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். ம்... 'தீர்மானம் எண் ஏழு. மூன்றாம் தளத்தில் நோய் உறுதியான இல்லத்தார் மின்தூக்கியைப் பதினான்கு நாட்களுக்குப் பயன்படுத்தலாகாது. மாடிப்படியைப் பயன்படுத்தத் தடையில்லை.' கடைசி வரியைக் கவனித்தீர்களா? அது நான் சேர்த்தது. ஒரு மனிதாபிமானம் வேண்டும் இல்லையா?

அன்றைக்கே அந்தப் பெண் போன் செய்தது. இப்போது வேறு ஆஸ்பத்திரியில், பாசிட்டிவ் ஆட்களுக்கென்று தனி நேரத்தில்தான் டயாலிசிஸ் செய்வார்களாம். "கெஞ்சிக் கேக்கிறேன் சார். லிஃப்ட்டுல அப்பாவை மட்டும் விடுங்க. நான் படியில வர்றேன். அப்புறம் நானே லிஃப்ட்டைத் துடைச்சுவிடுறேன். டயாலிசிஸ் தள்ளிப்போட முடியாது சார், நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்" என்றது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் நாளைக்கு இன்னொருவர் கேட்பார்.

செவ்வாய்க்கிழமை இறங்கினார். ஐம்பத்து நான்கு படி. மகள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டது. படிக்கட்டு இருட்டு, நானே கதவுக்கு வெளியே வந்து விளக்குப் போட்டேன். காய்ச்சலோடு எழுந்து வந்து போட்டேன், அதை யாரும் சொல்லமாட்டார்கள். இறங்கினதில் ஒன்றும் சிரமம் இல்லை. ஏறும்போதுதான் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. யாரும் கதவைத் திறக்கவில்லை. பயம் இருக்குமே.

வியாழக்கிழமை போகவில்லை. இறங்க முடியாது என்றுவிட்டாராம். சனிக்கிழமை மூச்சு இழுத்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியில் வைத்து, படி வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்காவது லிஃப்ட்டைக் கொடுத்திருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. கொடுத்திருக்கலாம். நான் தயார்தான். ஆனால் தீர்மானத்தை ரத்து செய்ய மறு கூட்டம் வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். எட்டுப் பேரும் படுத்திருந்தார்கள்.

பதினோரு நாள் ஐசியூவில் இருந்தார். பிழைத்துவிட்டார், நீங்கள் ஒன்றும் நினைக்காதீர்கள். அந்த வீட்டில் யாரும் சாகவில்லை, அந்த விதத்தில் சுத்தமான வீடு. திரும்பி வந்தபோது பதினான்கு நாள் முடிந்திருந்தது, லிஃப்ட்டிலேயே வந்தார். நான்தான் பட்டனை அழுத்தினேன். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. பாதி உடம்பாக ஆகியிருந்தார். அந்த வாரக் கடைசியிலேயே காலி செய்துவிட்டார்கள், தரைத்தள வீடாக எங்கேயோ பார்த்துக்கொண்டு. நாங்கள் போகச் சொல்லவில்லை. 'நீங்கள் காலி செய்தால் சங்கம் வருந்தாது' என்று மட்டும்தான் கடிதம் கொடுத்தோம்.

போகிற அன்றைக்கு லிஃப்ட் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக் கதவில் நான் ஒட்டிய சான்றைக் கிழிக்காமல் பதமாக உரித்து மடியில் வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். குரலே வரவில்லை, குனிந்து கேட்டேன்.

"சார், எங்க சர்வீஸ்ல இன்ஸ்பெக்டரு ஏறினா பஸ்ஸே கிடுகிடுங்கும். எல்லாரு டிக்கெட்டையும் பாப்பாரு. அவரு டிக்கெட்டை யாரு சார் பாக்கிறது?"

சான்றை என் கையில் கொடுத்தார். மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் எதற்காக அதைச் சொன்னார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஐசியூவில் ரொம்ப நாள் இருந்தால் அப்படி ஏதாவது சம்பந்தமில்லாமல் பேசுவார்களாம்.

எனக்கு மனக்குறை என்னவென்றால், அந்தப் பெண் அந்தச் செய்தியை எழுதாமல் இருந்திருந்தால் ஆவணப்படி எங்கள் குடியிருப்பில் நோயே வரவில்லை. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. இன்னொரு சான்றிதழ் அந்தச் சுவரில் மாட்டியிருப்பேன். ஆணிகூட அடித்துவைத்திருந்தேன், பாருங்கள்.

சரி, மணி பத்து இருபது. பேச்சில் போனதே தெரியவில்லை. வாருங்கள், பார்த்துவிடுவோம். உங்களுக்குச் சாவியை எடுத்துவைத்திருக்கிறேன். அம்மாவும் வருவார்கள் என்றீர்களே, மூச்சிரைப்பு இருக்கிறது என்றீர்கள். நல்ல காற்றோட்டமான வீடு, அவர்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

இதில் ஒரு கோடு. பளிச்சென்று இருக்கிறது. இதில்...

இதில் இரண்டு கோடு.

லேசாகக்கூட இல்லை. நன்றாகவே விழுந்திருக்கிறது. எது யாருடையது என்று சொன்னேன்? கண்ணாடிக் கூட்டுப் பக்கம் இருப்பது என்னுடையது. கூடு என் சட்டைப் பையில் அல்லவா இருக்கிறது. டம்ளரா? டம்ளரை நடுவில் நான் வாங்கிக் குடித்தேன், திரும்ப எந்தப் பக்கம் வைத்தேன் என்று யார் கண்டது? இல்லை, நீங்கள் சொல்வதை நான் தப்பென்று சொல்லவில்லை. இந்தப் பக்கம் உங்களுடையது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஞாபகம் ஆவணம் ஆகுமா?

இந்த மாதிரி இடத்தில் பழைய கோப்பைப் பார்ப்பதுதான் முறை. எனக்கு ஜனவரியிலேயே சான்று எண் ஒன்று கொடுத்திருக்கிறது, நோய் இல்லை என்று. உங்களுக்கு அப்படி எந்தச் சான்றும் இல்லை. நீங்கள் வெளியிலிருந்து வந்திருக்கிறீர்கள். கிட் புதுசு. இரண்டு கோடு பொய் சொல்லாது என்று லேப் டெக்னீசியனே சொல்லியிருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

கோபப்படாதீர்கள் தம்பி. உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீடு எங்கேயும் போய்விடாது, பதினான்கு நாள் கழித்து வாருங்கள், பார்க்கலாம். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமிருந்து தள்ளியே இருங்கள்.

லிஃப்ட் வேண்டாம், தீர்மானம் இன்னும் அமலில் இருக்கிறது. படி அந்தப் பக்கம். ஐம்பத்து நான்குதான். பார்த்து இறங்குங்கள், பகலிலேயே இருட்டாக இருக்கும்.

இருங்கள், நான் வந்து விளக்குப் போடுகிறேன்.